ஆச்சிக்குத் தாலி கட்டிய கோயில்

எங்கள் ஆச்சிக்கு ஒப்பிலக்கணம் என்றால் என்னவென்று தெரியாது. திராவிட மொழிகளை ஒப்பிட்டு அந்த இலக்கணத்தை எழுதிய மிஷனரி கால்டுவெல்லைத் தெரியும். வெள்ளைக்கார மிஷனரிகளை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள், அதனால் ஆச்சிக்கு அவர் எப்போதும் "கால்டுவெல் ஐயர்". "ஐயர் கட்டுன கோயில்லதான் உங்க தாத்தா எனக்குத் தாலி கட்டுனாவ" என்று சொல்லும்போது ஏதோ ஐயரே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கும். ஆச்சி பிறப்பதற்கு ரொம்ப முந்தியே அவர் இறந்துவிட்டார்.

போன மாதம் திருநெல்வேலிப் பக்கம் திசையன்விளையில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் அப்படியே அந்தத் தேவாலயம் இருக்கும் இடையன்குடிக்குப் போய்விட்டு வருவோம் என்று கிளம்பினேன். கால்டுவெல் வாழ்ந்த வீட்டை 2011இல் அரசு நினைவில்லமாக ஆக்கியது, அதன் வாசலில் ஒரு வேன் நின்றது. கல்லூரிப் பிள்ளைகள், கூடவே ஒரு தமிழ் வாத்தியார். சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள், வாத்தியார் "திராவிட மொழிக் குடும்பம்" பற்றி நன்றாகவே பேசினார், அப்புறம் எல்லோரும் வேனில் ஏறி உவரிக்குக் கடல் பார்க்கப் போய்விட்டார்கள். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கோயிலுக்குள் ஒருத்தரும் போகவில்லை. எனக்கு மனசு கேட்கவே இல்லை. அந்த மனிதர் புதைக்கப்பட்டிருப்பது அந்தக் கோயிலின் பீடத்துக்கு அடியில்.

கால்டுவெல் வருவதற்கு முன்பே இங்கே சிறிய கிறிஸ்தவ சபை ஒன்று இருந்தது. பாளையங்கோட்டையில் சத்தியநாதன் என்ற தமிழ்க் குரு ஊழியம் செய்த காலத்திலும், 1802இல் கெரிக்கே என்ற ஜெர்மன் மிஷனரி தெற்கே சுற்றி வந்தபோதும் இந்தச் சீமையில் ஆயிரக்கணக்கான பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதனால் "அவர் வந்து எல்லாவற்றையும் உண்டாக்கினார்" என்று சொல்வது சரியில்லை. அவர் வந்தது 1841இல். 1838இல் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கி, மூன்று வருடம் அங்கே தமிழ் படித்து, லண்டன் மிஷனை விட்டு இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிகன் சபையின் எஸ்.பி.ஜி. என்ற மிஷனரிச் சங்கத்தில் சேர்ந்து, அப்புறம் சென்னையிலிருந்து நடந்தே கிளம்பினார். சிதம்பரம், தரங்கம்பாடி, தஞ்சாவூர் என்று போய், நீலகிரி ஏறி, ஊட்டியில் குருப்பட்டம் பெற்று, மறுபடி இறங்கித் தெற்கே. வெள்ளைக்காரர் என்றால் பல்லக்கு, குதிரை என்று பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு இந்த நடைக்காரரை என்ன செய்வதென்றே தெரிந்திருக்காது.

வந்து சேர்ந்த இடம் தேரிக்காடு. தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: செம்மண் என்றால் வயலில் கிடக்கிற செம்மண் இல்லை, காற்றில் நகர்கிற சிவப்பு மணல். கால் புதையும். மே மாதம் வெறுங்காலோடு நிற்க முடியாது. பனையும் உடைமரமும் தவிர எதுவும் தானாக முளைக்காது. அந்த மண்ணில் அவர் நிலம் வாங்கி, கிணறு வெட்டி, தெருக்களை நூல் பிடித்தாற்போல் நேராகப் போட்டு, மரம் நட்டார். இன்றும் அந்தத் தெருவில் நின்று பார்த்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியும்.

கோயிலுக்கு வருகிறேன். பரிசுத்த திரித்துவ ஆலயம் என்று பெயர். 1847இல் அஸ்திவாரம். பிரதிஷ்டை 1880 ஜூலை 6ஆம் தேதி. 33 வருடம்! அஸ்திவாரத்தன்று இடுப்பில் இருந்த குழந்தைக்குப் பிரதிஷ்டையன்று பேரன் பேத்திகூடப் பிறந்திருக்கலாம். இந்த இடைவெளிக்குள் என்னென்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். கால்டுவெல் 1854இல் உடம்பு முடியாமல் இங்கிலாந்துச் சீமைக்குப் போகிறார், அங்கே 1856இல் ஒப்பிலக்கணத்தின் முதல் பதிப்பு வருகிறது. திரும்பி வருகிறார். பவர் ஐயர் தலைமையில் நடந்த தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவில் உட்காருகிறார். 1873இல் மறுபடி சீமை, 1875இல் ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு. 1877இல் கல்கத்தாவில் பிஷப் பட்டம். அப்போது தாது வருடப் பஞ்சம், தென் சீமையில் எலும்பும் தோலுமாக ஜனங்கள் கஞ்சித்தொட்டிக்கு வந்து நிற்கிறார்கள், ஆயிரக்கணக்கில் சபைகளில் சேருகிறார்கள். கோயில் இன்னும் முடியவில்லை. அந்த ஒப்பிலக்கணம் வந்து 24 வருடம் கழித்துத்தான் இந்தக் கோயில் முழுமையானது. எனக்கு என்னவோ இரண்டும் ஒரே கட்டுமானத்தின் இரண்டு பக்கம் மாதிரித்தான் தெரிகிறது.

கோத்திக் பாணி. மேலே கூர்மையாக முடிகிற வளைவு ஜன்னல்கள். அந்த மாதிரி ஜன்னலை உள்ளூர்க் கொத்தர்கள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, காகிதத்தில் வரைந்து காட்டினாலும் பிடிபடவில்லை, அதனால் ஐயர் களிமண்ணில் மாதிரி பிசைந்து காட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். நான் அந்த ஜன்னல் பக்கம் ரொம்ப நேரம் நின்றேன். வளைவு இரண்டு பக்கமும் ஏறி மேலே ஒன்று சேருகிற இடத்தில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும் போல் இருந்தது, எட்டவில்லை. களிமண்ணைப் பார்த்துச் செய்த அந்தக் கொத்தர் யார், எந்தத் தெருவில் இருந்தார், கூலி என்ன வாங்கினார்? பனையேறிவிட்டு வந்து மண் சுமந்தவர்கள் எத்தனை பேர்? ஐயர் பெயர் இருக்கிறது, இவர்கள் பெயர் இல்லை. ஆச்சியின் ஆட்களும் அதில் இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

இன்னொன்றையும் மறைத்து எழுத எனக்கு மனமில்லை. இந்தச் சபையில் பெரும்பாலும் நாடார்கள்தான். அந்த ஜனங்களைப் பற்றி 1849இல் கால்டுவெல் எழுதிய ஒரு நூல் அவர்களை ரொம்பப் புண்படுத்தியது, பல வருடம் எதிர்ப்பு நடந்தது. கிணறு வெட்டியதும் அவர்தான், அதை எழுதியதும் அவர்தான். நினைவில்லத்துச் சிலைக்கு முன்னால் நின்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எலைசா அம்மாவைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகள், 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். பேச்சுத் தமிழ் அவருக்கு இங்கேயே பிறந்து வளர்ந்தவர் போல வரும். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். ஆச்சியின் அம்மா ரேந்தை பின்னியிருக்கிறார். ஒரு கெட்டித் தலையணை, அதில் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகள், அவற்றை மாற்றி மாற்றிப் போடும்போது வருகிற சடசட சத்தம். அந்தச் சத்தத்தை ஆச்சி நாக்கால் செய்து காட்டுவாள். பனைத்தொழிலை மட்டும் நம்பியிருந்த வீடுகளில் ஒரு பெண் தன் கையால் சம்பாதித்த காசு அது.

கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28இல் கோடைக்கானலில் இறந்தார். மலையிலிருந்து இறக்கி இவ்வளவு தூரம் கொண்டுவந்து இந்தப் பீடத்தின் கீழ் அடக்கம் பண்ணினார்கள். 1947இல் ஆங்கிலிகன் சபையும் வேறு சில சபைகளும் ஒன்றாகச் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. இப்போது இது திருநெல்வேலித் திருமண்டலத்துக் கோயில். ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்க ஆராதனை எல்லாம் இங்கேதான்.

நான் போனபோது கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை மறுநாள் ஆராதனைக்காகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உள்ளே போகலாமா அண்ணாச்சி?" என்றேன். "செருப்பைக் கழத்திட்டுப் போங்க, தம்பி. பீடத்துப் பக்கம் மட்டும் ஈரம், பாத்து" என்றார். ஆச்சி கல்யாணம் இங்கேதான் நடந்தது என்று சொன்னதும் துடைப்பதை நிறுத்திவிட்டு, ஆச்சி எந்தத் தெரு, யார் வீடு என்று ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார். ஆச்சியின் அப்பா பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவாள் வீடு கிணத்துக்குப் பக்கத்துல" என்றார்.