பிளாக் செய்த பிறகு வரும் அழைப்புகள்

கார்டு திருட்டுப் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் சொல்லித் தருவது, கதையை அப்புறம் கேள் என்பதைத்தான். பர்ஸ் எங்கே போனது, யார் மேல் சந்தேகம், பக்கத்தில் நின்றவர் எப்படி இருந்தார், எல்லாம் பிறகு. முதலில் கார்டை நிறுத்து. அழைப்பவருக்கு இது ஈரமில்லாத பேச்சாகத்தான் தோன்றும். ஆனால் அவர் வருத்தத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கடையில் கார்டு தேய்க்கப்பட்டிருக்கும்.

திருடியவர் எடுத்த எடுப்பில் பெரிய தொகைக்குப் போவது குறைவு. அற்பமான ஒரு தொகை முதலில் போகும், கார்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. சின்னத் தொகைக்கு இயந்திரத்தில் காட்டினாலே போதும், பின் கேட்காது. இணையத்தில் பொருள் வாங்கத் தேவையான கார்டு எண், காலாவதித் தேதி, மூன்று இலக்கச் சிவிவி என்று எல்லாமே பெரும்பாலும் கார்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஓடிபி கேட்காத தளங்களும் உண்டு. 1990களின் நடுவில் யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த, கார்டில் பதிக்கும் சிப், போலிக் கார்டு தயாரிப்பவர்களை நன்றாகவே முடக்கியது. அசல் கார்டே கையில் இருப்பவரை அது என்ன செய்யும்? அதனால்தான் அந்த முதல் சின்னத் தொகை கணக்கில் கழிந்ததும் வரும் குறுஞ்செய்தியை அலட்சியம் செய்யாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறோம்.

எங்களுக்கு அதிகம் திட்டு வாங்கித் தருவது இரண்டாவது அழைப்பு. "பிளாக் பண்ணிட்டேன்னு சொன்னீங்களே, இன்னைக்கு எப்படிப் பணம் போச்சு?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடையில் கார்டைக் கொடுக்கும்போது வங்கி தருவது ஒப்புதல் மட்டும். கடைக்காரர் தன் கணக்கை முடித்து அனுப்பிய பிறகே தொகை முறையாகப் பதிவாகும். அதற்குச் சில நாட்கள் ஆகலாம். பிளாக் செய்வது இனி வரும் கோரிக்கைகளை மறுக்கும், முன்பே கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பிடுங்காது. விமானத்தில் இருப்பதுபோன்ற சில இயந்திரங்கள் வங்கியைக் கேட்காமலே கார்டை ஏற்றுக்கொண்டு, தொடர்பு கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். இதையெல்லாம் முதல் அழைப்பிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும். ஆனால் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட எழுத்துப் பிரதியில் "உங்கள் கார்டு பாதுகாப்பாக முடக்கப்பட்டது" என்றுதான் இருந்தது. நான் அதோடு நிறுத்துவதில்லை.

இன்னொன்று டோக்கன். திருடியவர் கார்டைத் தன் போனில் ஏற்றியிருந்தாலோ, ஏதாவது சந்தாவில் சேர்த்திருந்தாலோ, அங்கே இருப்பது கார்டு எண் அல்ல, அதற்குப் பதிலாக உருவாக்கிய வேறொரு எண். புதுக் கார்டு வந்த பிறகும் சில சமயம் அது கணக்கோடு ஒட்டிக்கொண்டே வரும். எந்தெந்தச் சாதனங்களில் கார்டு சேர்க்கப்பட்டிருக்கிறது என்று வங்கியிடம் கேட்டு, தெரியாதவற்றை நீக்கச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கேட்காவிட்டால் இதைப் பார்க்க யாருக்கும் தோன்றாமலே போகலாம்.

சங்கடமான புகார், முதல் முயற்சியிலேயே சரியான பின் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்திருப்பது. எங்கள் பிரிவில் பலர் உடனே "வீட்டு ஆள்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரிசையில் பின்னால் நின்று விரல்களைக் கவனித்துவிட்டு அப்புறம் பர்ஸை அடிப்பது பழைய தொழில். பிறந்த வருடத்தைப் பின்னாக வைத்து, பிறந்த தேதி அச்சிட்ட அடையாள அட்டையை அதே பர்ஸில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். சில நேரம் எங்கள் பிரிவினர் சொன்னது சரியாகவும் இருக்கும். ஏடிஎம் கேமராவின் படத்தைப் பார்த்ததும் ஒரு அம்மா புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். யாரென்று நான் கேட்கவில்லை. படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

பணம் திரும்புமா என்பது பெரும்பாலும் நேரக் கணக்கு. எப்போது தொலைந்தது, எப்போது தெரிந்தது, எப்போது சொன்னீர்கள் என்பதைத் தெளிவாக எழுதிய ஒரு பக்கம், கோபமாக எழுதிய நாலு பக்கத்தைவிட உதவும். கணக்கில் கழிந்த எந்தெந்தத் தொகை தன்னுடையது அல்ல என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். "எல்லாமே திருட்டுதான்" என்று எழுதி, அதற்குள் தன் வழக்கமான போன் கட்டணமும் இருந்துவிட்டால் மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் வரும். சார்ஜ்பேக் கேட்க, அதாவது கடைக்காரரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்க, விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அது வங்கிகளுக்கு இடையிலான கெடு. வாடிக்கையாளர் புகார் சொல்ல வேண்டிய கெடு வேறு, அது இதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும்.

இதற்கெல்லாம் நடுவில் சந்தோஷமான குரலில் ஒரு அழைப்பு வரும். கார்டு கிடைத்துவிட்டது, கார் சீட்டுக்கு அடியில் இருந்தது, மறுபடி திறந்துவிடுங்கள். திருடு போனதாகப் பதிவு செய்த எண்ணை நாங்கள் திறப்பதில்லை. அந்த இடைவெளியில் அது யார் கையில் இருந்தது, யார் படம் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கார்டை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுக் கார்டு வரும்வரை காத்திருங்கள் என்றதும், திருட்டுக் கொடுத்தவரைவிட அதிகமாகக் கோபித்துக்கொள்வது இவர்கள்தான்.