காணாமல் போன காலாவதித் தேதி

கண்நோய் உள்ளவர்களுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று போன் கேமரா வழியாகக் காட்டும் ஒரு செயலி. அதில் ‘கண்புரை’ என்பதைத் தட்டிவிட்டு, போன் கேமராவை மேசையில் கிடந்த மாத்திரை அட்டைக்கு நேராகப் பிடித்தேன்.

மாத்திரையின் பெயர் ஏதோ கொஞ்சம் தெரிந்தது. காலாவதித் தேதியைக் காணவே காணோம்.

வெள்ளித்தாளில் மை இல்லாமல் அழுத்தி மட்டும் பதித்த எண்கள். மேலே விளக்கின் பளபளப்பு வேறு. சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாலும் வெறும் வெளிச்சம்தான். இத்தனைக்கும் அந்த அட்டையை அதிகம் கையாளுகிறவர்கள் வயதானவர்கள்!

அடுத்து மாகுலா சிதைவு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் நோய். எதிரே இருப்பவரின் காது தெரிகிறது, தோள் தெரிகிறது, முகம் மட்டும் இல்லை.

பார்வை நரம்பைப் பாதிக்கும் குளுக்கோமாவில்தான் எனக்கு ஒப்பவில்லை. திரையைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்டுவிடுகிறார்கள். நிஜத்தில் பலருக்கு அப்படிக் கறுப்பாகத் தெரிவதில்லை. விடுபட்ட பகுதியை மூளையே ஒப்பேற்றிவிடும். பாதிப்பு முற்றும்வரை பலர் அதை உணராமலே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழகிய ஒருவர் காதாலும் விரலாலும் எவ்வளவு சமாளிக்கிறார் என்பதையும் இந்தச் செயலி காட்டாது.

ஆனாலும் வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து போடுகிறவர்கள் கட்டாயம் ஒருமுறை இதைத் திறந்து பார்க்கலாம். சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டி (டபிள்யூசிஏஜி) சொல்கிறது.

அப்புறம், நீங்கள் வடிவமைத்ததைப் பார்வை குறைந்த ஒருவரிடமே கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சும்மா இல்லை, சம்பளம் கொடுத்து.