பலலைக்காவும் பனிக்காலச் சடசடப்பும்

பாடசாலை நாட்களில் படத்து இசை என்றால் நமக்குப் பாட்டுத்தான். பாட்டில்லாத இசை வானொலியில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும். அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் அடங்கிவிடும். அதை முழுசாக இருந்து கேட்கும் பொழுதை ரொறன்ரோவின் தை, மாசிக் குளிர்தான் தந்தது.

இந்தக் குளிருக்கு, மோரிஸ் ஜார் இசையமைத்த 'டொக்டர் ஷிவாகோ' (1965) படத்தின் இசைத்தட்டைப்போல் பொருந்துவது வேறில்லை. 1966இல் ஒஸ்கார் வாங்கிய இசை. படத்தின் நாயகி லாராவுக்கான மெட்டில் ஒலிக்கும் பலலைக்கா, முக்கோண உடலும் மூன்று தந்தியும் கொண்ட ரஷ்ய வாத்தியம். அதை மீட்ட, லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ரஷ்யத் தேவாலயமொன்றில் ஆட்களைப் பிடித்தார்கள். அவர்களுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டே பழகினார்கள். நம் ஊர் வழக்கம்தான். தந்திகளில் விரலை விரைவாக ஆட்டி எழுப்பும் அந்த நடுக்கம் மிக மெல்லியது. பனிக்காலத்தில் தட்டிலிருந்து வரும் சடசடப்பு முதலில் கெடுப்பது அதைத்தான்.

சத்தம் கேட்டதும் புது ஊசி வாங்க ஓடவேண்டாம். கீறல் என்றால் 33⅓ சுற்றுத் தட்டில் 1.8 விநாடிக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் தட்டும். ஒழுங்கில்லாமல் அங்குமிங்கும் வெடித்தால் அது மின்னேற்றம். குற்றம் அறைக் காற்றில். வெளிக் குளிர்க்காற்றில் நீராவி குறைவு. அதை ஹீற்றர் 21 பாகைக்குச் சூடாக்கும்போது ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கக்கூடும். அந்த வறட்சியில் கடதாசி உறையிலிருந்து தட்டை உருவினாலே மின் ஏறித் தூசை இழுக்கும்.

ஈரப்பதனை 40 சதவீதத்தில் வைத்தால் பாதித் தொல்லை போய்விடும். ஆனால் வெளியே −20 என்றால் 30 போதும். மிஞ்சினால் யன்னல் வியர்த்துச் சட்டம் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசி உறையை மாற்றி, பொலித்தீன் உள்வரியிட்ட உறை போடுங்கள். காபன் நார்த் தூரிகையை இரண்டு மூன்று சுற்றுக்குத் தட்டில் மெல்லப் பிடியுங்கள். அதன் உலோகப் பகுதியில் விரல் பட்டிருந்தால்தான் மின் இறங்கும்.

ஊசி தட்டை அழுத்தும் பாரத்தைக் குறைப்பது பலரும் விடும் பிழை. குளிரில் ஊசியைத் தாங்கும் இறப்பர் இறுகும்; பாரமும் குறைந்தால் ஊசி பள்ளத்தை விட்டு எழும்பி, உயர்ந்த தந்தி ஒலி கரகரக்கும். ஊசியைத் தயாரித்தவர் 2 கிராம் என்றால் 2 கிராமே வையுங்கள்.

தபாலில் வந்து வாசலில் உறைந்து கிடந்த தட்டை உடனே பிரிக்கவேண்டாம். பொதியோடு இரண்டு மூன்று மணிநேரம் அறையில் நிமிர்த்தி வையுங்கள், ஹீற்றருக்குத் தள்ளி.