முள்ளுக்கு மேலே நாலணா

போன நவம்பரில் மஸ்கட்டில் நம் பள்ளிப் பழைய மாணவர்கள் குடும்பத்தோடு கூடியபோது சாப்பாட்டுக்கு முன்னாலேயே சண்டை வந்துவிட்டது. யாரோ செல்போனில் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட, இன்னொருத்தர் அதை நிறுத்திவிட்டு ரஹ்மானைப் போட, "இதெல்லாம் ஒரு பாட்டாங்க?" என்று மூத்தவர் ஒருத்தர் தன் போனில் டி.எம்.எஸ்ஸை ஏற்றி அன்றைக்கு ஜெயித்துவிட்டார். அரிசியும்பருப்பும் சாதம் அது பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது. எந்தப் பத்து வருசத்துப் பாட்டு ஒசத்தி என்ற இந்த வழக்கு முப்பது வருசத்துக்கு மேலாக முடியாமல் கிடக்கிறது. அதன் முதல் வாய்தா கோபிசெட்டிபாளையத்தில் நம் பள்ளி மைதானத்தில் நடந்தது. 1994 ஜனவரி, பொங்கல் லீவுக்கு முந்தி. அன்றைக்கு மேடையில் இருந்த ஆறு பேரில் நானும் ஒருத்தன். அதனால் மலர்க்குழுத் தம்பி "நீங்களே எழுதிக் குடுத்துருங்கண்ணா" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

இலக்கிய மன்றத்துப் பட்டிமன்றம் அது. தமிழையா நடுவர். திரையிசையில் தலைசிறந்தது அறுபதுகளா, எண்பதுகளா, தொண்ணூறுகளா என்று தலைப்பு. அணிக்கு இரண்டு பேர். எழுபதுகளுக்கு அணியே கிடையாது. எனக்கு அதில் இன்றைக்கும் மனத்தாங்கல்தான். இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது 1976இல். அதைப் படம் பிடித்தது எங்கே? பவானிசாகருக்கு அப்பால் காட்டுக்குள்ளே, மாயாற்றைப் பரிசலில் தாண்டிப் போகிற தெங்குமரஹாடாவில். நம் வீட்டுப் பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், பிறந்த பிள்ளை மாதிரி. அதைக்கூடச் சேர்க்காமல் ஒரு பட்டிமன்றமா என்று ஐயாவிடம் கேட்டேன். "எழுவதுல முன்பாதி விசுவநாதன் கணக்கு, பின்பாதி ராஜா கணக்கு. ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கட்டும். நீ சீட்டை எடு" என்றார்.

சீட்டில் எனக்கு அறுபது விழுந்தது.

நானோ எண்பதுகளின் ஆள். சத்தியமங்கலத்திலிருந்து கோபி வருகிற டவுன் பஸ்ஸில் தினம் இரண்டு வேளை ராஜா கேட்டு வளர்ந்தவன். எந்த டிரைவர் எந்தப் பாட்டு போடுவார் என்று பார்த்து, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றவன். அறுபதுகள் என்றால் எங்கள் அப்பாரு (தாத்தா) சவரம் பண்ணிக்கொள்ளும்போது மூக்கால் பாடுவது, அம்மா பொழுதோடு இலங்கை வானொலியில் கேட்பது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் கேட்டால் பாட்டைச் சொல்லாமல் அறிவிப்பாளர் அப்துல் ஹமீது குரலைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாருதான், "செட்டுக்காரங்கிட்டப் போய்க் கேளு கண்ணு, அவன் வெச்சிருப்பான்" என்று அனுப்பினார்.

செட்டுக்காரண்ணனை நம் காலத்துப் பையன்கள் மறந்திருக்க முடியாது. ஆண்டு விழா, விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் அவர் மைக் செட்டுதான். கச்சேரிமேட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் கடை. கூம்புக் குழாய்களைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார். அதற்கு மேல் சீரியல் பல்பு மூட்டைகள். அப்போதே எல்லாரும் கேசட்டுக்கு மாறியாகிவிட்டது. அவரும் மாறியிருந்தார். ஆனால் மரப்பெட்டிக்குள் ரிக்கார்டு பிளேயரை மட்டும் விற்காமல் வைத்திருந்தார். சின்ன தட்டுகளை முறுக்கு டின்னில் நிறுத்தி வைத்திருப்பார். தட்டை எடுத்து வேட்டி நுனியால் ஒரு சுற்று துடைத்து, ஊதி, வைத்து, முள்ளை இறக்குவதற்கு முன்னால் அந்த முள் பொருத்திய கைத்தலையின் மேல் ஒரு நாலணாக் காசை வைப்பார். காசு கனத்துக்கு முள் கீறலில் துள்ளாமல் பள்ளத்திலேயே ஓடும். அந்தக் காசு தேய்ந்து, வழவழவென்று எண்ணே தெரியாமல் இருந்தது.

விசயத்தைச் சொன்னேன். எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று சொல்வார் என்று நோட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

"நல்ல பாட்டு, கெட்ட பாட்டு அப்பறமுங்க தம்பி. மொதல்ல குழாய்ப் பாட்டு, பொட்டிப் பாட்டுன்னு ரெண்டு இருக்குதுங். சைக்கிள் வெச்சிருக்கறீங்களா?"

ஒரு குழாயைக் கடை வாசலில் தூக்கி வைத்து வாய்க்கால் பக்கமாகத் திருப்பினார். "நீங்க போயிட்டே இருங்க. வார்த்தை எங்க மங்குதோ அங்க நின்னுக்குங்க" என்றார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இட்டேரியில் இறங்கினேன். முதலில் போட்டது 'போனால் போகட்டும் போடா', 'பாலும் பழமும்' படத்துப் பாட்டு. இரண்டு பக்கக் கிளுவை வேலியையும் தாண்டி, மஞ்சள் காடு தாண்டி, தடப்பள்ளி வாய்க்கால் பாலத்தில் போய் நின்றேன். அங்கேயும் டி.எம்.எஸ். ஒவ்வொரு எழுத்தையும் என் காதில் வைத்துவிட்டுப் போனார். வாத்தியங்கள் தேய்ந்துவிட்டன, குரல் தேயவில்லை.

அடுத்து என் பாட்டு, 'மூடுபனி'யில் வருகிற 'என் இனிய பொன் நிலாவே'. 1980, ராஜாவுக்கு நூறாவது படம். பஸ்ஸில் கேட்கும்போது அந்த பேஸ் கித்தார் சீட்டுக்கு அடியில் நடந்து வரும், முதுகெலும்பில் ஏறும். இங்கே கித்தார் கொசு மாதிரி ரீங்கரித்தது. யேசுதாஸ் இருந்தார், பேஸைக் காணவே காணோம். பாதி வழியிலேயே நின்றுவிட்டேன்.

அண்ணன் சொன்ன கணக்கு இதுதான். கூம்புக்குழாய்க்குத் தொண்டை மட்டும்தான் தெரியும், வயிறு தெரியாது. நடுத்தர சத்தத்தைத்தான் அது தூக்கி எறியும். அடிச்சத்தம் அதற்குள்ளேயே அமுங்கிப்போகும். அறுபதுகளில் ஜனங்கள் பாட்டுக் கேட்டது கோயில் நோம்பிக் குழாயிலும் டீக்கடை ரேடியோவிலும். பதிவு பண்ணியவர்களுக்கு அது தெரியும். ஒரே தடத்தில், குரலை முன்னால் நிறுத்தி, வாத்தியத்தைப் பின்னால் தள்ளிப் பதிந்தார்கள். 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் 1961 என்ற ஒரே வருசத்தில், விசுவநாதன்-ராமமூர்த்தி கையிலிருந்து வந்தவை. மூன்றிலும் எந்தப் பாட்டைக் குழாயில் போட்டாலும் வாய்க்கால் பாலம் வரைக்கும் வரும். பிறகு கேசட் வந்தது, ஸ்டீரியோ வந்தது (தமிழில் முதல் ஸ்டீரியோ பாட்டு 'ப்ரியா', 1978 என்பார்கள்), பஸ்ஸில் இரண்டு பக்கமும் பொட்டி ஸ்பீக்கர் வந்தது. அடிச்சத்தத்துக்கு வீடு கிடைத்த பிறகுதான் ராஜா அதில் குடியேறினார். அண்ணன் ராஜாவைக் குறைத்துச் சொல்லவே இல்லை. "அவரு பாட்டை நான் போட்டா அவருக்கு மரியாதை கெடைக்காதுங் தம்பி" என்றுதான் சொன்னார்.

ரஹ்மான் என்றதும் கையை விரித்துவிட்டார். 'ரோஜா' வந்து ஒன்றரை வருசம்தான் ஆகியிருந்தது. "அது குழாய்க்கும் ஆகல, பஸ்ஸுக்கும் பாதிதான் ஆவுது. காதுக்குள்ள மாட்டிக் கேக்கற பாட்டுங்."

இதை வைத்துக்கொண்டு நான் இன்றைக்கும் ஒன்று சொல்வேன். மஸ்கட்டில் அந்த மூத்தவர் ஜெயித்ததற்குக் காரணம் டி.எம்.எஸ். பாதி, செல்போன் பாதி. செல்போன் ஸ்பீக்கரும் தொண்டை மட்டும் தெரிந்த குட்டிக் குழாய்தானே!

எனக்குப் பேச்சு கிடைத்துவிட்டது. ராஜாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கினால் மூச்சு விடமாட்டார், ரஹ்மானைக் காதிலிருந்து எடுத்தால் மூச்சு விடமாட்டார், ஊரையே கூட்டி வைத்துப் பாடியது அறுபதுகள் மட்டும்தான் என்று எழுதி மனப்பாடம் பண்ணினேன். எண்பதுகளின் ஆளாக இருந்துகொண்டு ராஜாவை அப்படிப் பேசியதற்கு அந்த வாரம் பஸ்ஸில் ஏறவே கூச்சமாக இருந்தது.

நிரூபணத்துக்கு மேடையிலேயே ரிக்கார்டு பிளேயரைக் கொண்டுவரச் சொன்னேன். அங்கேதான் வினை. மைதானத்து வேப்பமரத்தில் இரண்டு குழாய், எதிரே ஆயிரம் பையன்கள், முன்வரிசையில் தலைமையாசிரியர். "கேளுங்கள் இந்தக் கம்பீரத்தை!" என்று கையை நீட்டினேன். டி.எம்.எஸ். முதல் வரியைப் பாடினார். மேடைப் பலகை ஆடி, நாலணா நழுவி விழுந்தது. முள் கீறலில் மாட்டிக்கொண்டது.

"போடா... போடா... போடா... போடா..."

நான் நீட்டிய கை அப்படியே தலைமையாசிரியரைக் காட்டிக்கொண்டிருந்தது. எத்தனை போடா என்று எண்ணவில்லை. அண்ணன் ஓடிவந்து காசைத் தேடினார், கிடைக்கவில்லை, விரலாலேயே முள்ளைத் தள்ளிவிட்டார். மைதானம் அடங்கப் பல நிமிசம் ஆனது. தலைமையாசிரியர் சிரித்தாரா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை, துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். பிறகு நான் பேசியது எதுவும் யாருக்கும் ஏறவில்லை.

எண்பதுகளின் அணி 'இளைய நிலா பொழிகிறதே'யைப் போட்டது. நான் சொல்லிவைத்த மாதிரியே கித்தார் குழாய்க்குள் சுருங்கிப் போனது. மேடையில் உட்கார்ந்தபடி அதற்குச் சந்தோசப்பட்டேன். அதுவும் ஒரு பாவம்தான்.

மூன்றாவது அணியில் இருந்தவனை நாங்கள் 'ரோஜா' என்றுதான் கூப்பிடுவோம். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த வாக்மேனை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவான். அவனுக்கும் அண்ணன் அதே புத்திமதி சொல்லியிருக்கிறார் போல. தொண்ணூறுகள் என்றால் 'சின்னச் சின்ன ஆசை' வரும், 'சிக்குபுக்கு ரயிலே' வரும், குழாயில் அது தகர டப்பா மாதிரி கேட்கும் என்று காத்திருந்தேன். அவன் பேச்சை நிறுத்தி, ஒரு கேசட்டை அண்ணனிடம் கொடுத்தான். இரண்டு மாசத்துக்கு முன் தீபாவளிக்கு வந்த 'திருடா திருடா'. அதில் 'ராசாத்தி என் உசுரு' ஒன்று இருக்கிறதல்லவா? வாத்தியம் கிடையாது. சாகுல் ஹமீது குரல், பின்னால் கூட்டுக் குரல்கள், வேறொன்றும் இல்லை.

குழாய்க்கு வேண்டியது தொண்டை. இதில் தொண்டையைத் தவிர வேறு எதுவுமே இல்லை. பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சுற்றுச்சுவருக்கு வெளியே சைக்கிளில் போன ஒரு ஆள் காலை ஊன்றி நின்றதை மேடையிலிருந்தே பார்த்தேன். அண்ணன் ஆம்ப்ளிஃபயர் திருகின் மேல் கையை வைத்தவர் வைத்தபடி நின்றார். என் வாதம் முழுக்க அவனுக்குத் தீவனமாகப் போய்விட்டது.

தீர்ப்புக்கு எழுந்த ஐயா மூன்று அணியையும் விட்டுவிட்டார். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஆரம்பித்தார். அங்கே ஜூபிடர் படக் கம்பெனியில் எடுபிடிப் பையனாக இருந்தவர்தான் பின்னாளைய எம்.எஸ்.விசுவநாதன் என்றார். டி.எம்.எஸ்ஸுக்கு 'கிருஷ்ண விஜயம்' படத்தில் முதல் வாய்ப்பு கொடுத்த எஸ்.எம்.சுப்பையா நாயுடுவுக்கும் அதே இடம்தான் என்றார். பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த 'மலைக்கள்ளன்' (1954) வரைக்கும் வந்து, அதில் எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். பாடியதை இரண்டு வரி பாடியே காட்டினார். சுருதி கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. "நூலு பூரா நம்ம கோயமுத்தூர்ல நூத்ததுடா. மெட்ராசுக்காரன் துணி நெய்ஞ்சு வித்தான். நீங்க அந்தத் துணியில எந்தக் கலரு நல்ல கலருன்னு சண்டை போடறீங்க." ஐம்பதுகளுக்கு அணியே இல்லாத பட்டிமன்றத்தில் ஐம்பதுகள் ஜெயித்தது அப்படித்தான். ஆனால் மார்க் போட வேண்டுமே. அரை மார்க்கில் 'ரோஜா'வின் அணிக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், எங்களுக்குச் சோப்பு டப்பா.

எல்லாரும் போன பிறகு அண்ணனோடு மேடைக்கு அடியில் குனிந்து நாலணாவைத் தேடினேன். கிடைத்தது. வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டவர், வேப்பமரத்தடியில் நின்றிருந்த ரோஜாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கேசட்டைக் குடுத்துட்டுப் போங்க. பாரியூர்க் கோயில் குண்டத்துக்கு வேணுமுங்."

"எங்கக்காளுதுங்கண்ணா. தொலைச்சா என்னையத் தொலைச்சுப்போடுவா."

"அப்பக் கொஞ்சம் நில்லுங்க, ஏத்திக்கறேன்."

பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு கேசட்டை எடுத்தார். 'எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள்' என்று அவர் கையாலேயே எழுதி, அழிந்துவிடக்கூடாது என்று தலைப்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்து வைத்திருந்த கேசட். அந்த ஓட்டைகளின் மேல் செல்லோடேப்பைப் பல்லால் கடித்து ஒட்டினார். "தட்டுத்தான் இருக்குதுங்களே" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினார்.

குண்டம் என்கிற தீமிதி அன்றைக்கு விடிகாலையில் வாய்க்கால் பாலத்தில் நின்றேன். இருட்டு இன்னும் விலகவில்லை. 'ராசாத்தி' வார்த்தை வார்த்தையாக வந்தது. அது முடிந்ததும் ஒரு கணம் கரகரவென்று இழுத்து, அழியாமல் மிச்சமிருந்த நாடாவிலிருந்து டி.எம்.எஸ். பாதி வரியில் பாட ஆரம்பித்தார்.