27 சரியாக எழுதிய பிள்ளைகள்

பாலக்கோட்டிலிருந்து தக்காளி லாரிகள் கிளம்புகிற இரவு நேரத்தில்தான் எனக்கு வேலை சூடுபிடிக்கும். அமெரிக்காவில் அப்போது மதியம். அங்குள்ள பள்ளி மாவட்டங்களுக்குத் தேர்வு மென்பொருளை அமைத்துக் கொடுப்பது என் வேலை. அலுவலகம் ஓசூரில், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்கிறேன்.

பள்ளி மாவட்டம் என்றதும் நம் தருமபுரி மாவட்டத்தைப் போல நினைத்துவிட வேண்டாம். அங்கே அது தனி நிர்வாகம், தனி வாரியம். நான்கைந்து பள்ளிகளே உள்ள மாவட்டமும் உண்டு. நாடு முழுவதும் சுமார் 13,000 இருக்கின்றன. மாநிலத் தேர்வில் ஒரு மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதற்கான எல்லைகளை மாநிலமே வகுத்துவிடும். டெக்சஸில் நான்கு நிலைகள், புளோரிடாவில் ஐந்து. மூன்றுக்குக் குறையக் கூடாது என்பது தேசியச் சட்டம். ஆனால் ஆண்டின் நடுவில் மாவட்டம் தானாக நடத்தும் தேர்வுகளுக்கு எல்லைகளையும் மாவட்டம்தான் சொல்ல வேண்டும். அவற்றை நாங்கள் மென்பொருளில் ஏற்றுவோம். நிலையின் பெயர், தொடக்க மதிப்பெண், முடிவு மதிப்பெண், நிறம், அவ்வளவுதான். பார்த்தால் பத்து நிமிட வேலை.

சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு ஒன்றுக்கு எனக்கு வந்த எல்லைகள் இவை: 0–39, 40–59, 60–79, 80–100. வந்தபடியே ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து ஒரு பள்ளியிலிருந்து கேட்டார்கள். நான்கு நிலைகளையும் கூட்டினால் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கை வரவில்லையே, சில பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று.

தேடிப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, நிலைக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஒவ்வொரு பெயராகத் திறந்தபோது அத்தனை பேரும் 27 விடைகளைச் சரியாக எழுதியிருந்தார்கள். தேர்வில் 34 வினாக்கள். 27-ஐ 34-ஆல் வகுத்தால் 79.41 சதவீதம். 79-ஐத் தாண்டிவிட்டார்கள், 80-ஐ எட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் விட்டிருந்த இடைவெளியில் விழுந்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியவர்கள் அல்லர். இன்னும் ஒரே ஒரு விடை சரியாக இருந்திருந்தால் மேல் நிலைக்குப் போயிருப்பார்கள். ஆசிரியர்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் குழு பிரிப்பார்கள். எந்தக் குழுவிலும் பெயர் இல்லாத பிள்ளை வகுப்பில் எங்கே உட்காரும்? அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நம் ஊர்ப் பதிவேட்டிலும் 81–90 என்றால் ஒரு தரம், 91–100 என்றால் ஒரு தரம் என்றுதான் இருக்கிறது. அங்கே மதிப்பெண் முழு எண்ணாக இருப்பதால் இடைவெளி யாரையும் விழுங்குவதில்லை. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தட்டுப்படவில்லை. இப்போதெல்லாம் தொடக்க மதிப்பெண்ணை மட்டும் கேட்டு வாங்குகிறேன். ஒரு நிலை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் முந்தைய நிலை முடிகிறது. முடிவு மதிப்பெண்ணும் வேண்டும் என்று மென்பொருள் அடம்பிடித்தால் 79.99 என்று கொடுக்கிறேன்.

இடைவெளியை அடைத்தாயிற்று. ஆனால் 80 ஏன் 80? மாவட்டத்தில் கேட்டேன். எப்போதும் அப்படித்தான் என்றார்கள்.

அந்த வாரம் பென்னாகரத்தில் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அவருக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மேசையில் நோட்டுகள் அடுக்கியிருந்தன.

"அண்ணி, அரும்பில் இருக்கிற பிள்ளையை எப்போது மொட்டுக்கு மாற்றுவீர்கள்?"

பதில் சொல்லாமல் ஒரு சிறுமியின் நோட்டை எடுத்து விரித்தார். 'பால்' என்று எழுத வேண்டிய இடம். முதலில் 'பல்' என்று எழுதியிருக்கிறாள். பிறகு 'ப'வுக்கும் 'ல்'லுக்கும் நடுவில் இடமில்லாத இடத்தில் துணைக்காலை ஈர்க்குச்சி போல நெருக்கி நுழைத்திருக்கிறாள். ரப்பர் பட்டுத் தாள் அங்கே நைந்திருந்தது.

"நான் சொல்லித் திருத்தவில்லை. அவளாகவே வாசித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். இவளை மனத்தில் வைத்துத்தான் நான் கோடு போடுவேன். கடகடவென்று வாசிக்கிற பிள்ளைக்குக் கோடு எதற்கு, சொல்லு?"

வில்லியம் ஆங்காஃப் என்ற அமெரிக்க அளவீட்டு அறிஞர் 1971-இல் எழுதிய முறையின் கருவும் இதுதான். எல்லையில் நிற்கும் ஒரு மாணவரை ஆசிரியர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் அந்த மாணவர் சரியாக விடையளிக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுத வேண்டும். ஒவ்வொருவரும் எழுதியதைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைகளுக்குச் சராசரி எடுத்தால் வருவது எல்லை மதிப்பெண். கடினமான தாள் என்றால் கோடு தானாக இறங்கும், எளிய தாள் என்றால் ஏறும். 80 என்று கண்ணை மூடிக்கொண்டு போடும் கோட்டுக்கு வினாத்தாளைப் பற்றி எதுவும் தெரியாது.

ஊர் திரும்பியதும் 34 வினாக்களுக்கும் இந்த வாய்ப்பை எழுதுவதற்கு ஒரு படிவம் தயாரித்து மாவட்டத்துக்கு அனுப்பினேன். அவர்கள் மறுக்கவில்லை. ஆசிரியர்கள் சிலர் உட்கார்ந்து பேசி நிரப்பியதில் மேல் நிலையின் கோடு 26-இல் வந்து நின்றது. பழைய நிலைகளின்மேல் இதை எழுதிவிடக் கூடாது; எழுதினால் ஏற்கெனவே பெற்றோருக்குக் கொடுத்த அறிக்கைகளும் சத்தமில்லாமல் மாறிவிடும். எனவே ஆண்டைப் பெயரில் சேர்த்துப் புதிய தொகுப்பாக வைத்தேன்.

பத்து வினாச் சிறுதேர்வுக்கு ஐந்து நிலை கேட்கிறவர்களிடம் இப்போது வாதாடுகிறேன். ஒரு வினா தவறினாலே பத்து சதவீதம் சரியும். ஒரு கவனக்குறைவுக்கு ஒரு நிலை இறங்க வேண்டுமா? மூன்று போதும் என்கிறேன். பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

எல்லைகள் வந்து சேர்ந்தால் முதலில் வினாக்களின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குகிறேன். பூஜ்யத்திலிருந்து கடைசி வினா வரை ஒவ்வொரு எண்ணுக்கும் சதவீதம் கணக்கிட்டு, எதிரே நிலையின் பெயரைப் பேனாவால் எழுதுகிறேன். 34 வினா என்றால் 35 வரிகள். ஒரு வரியும் வெறுமையாக இல்லை என்று பார்த்த பிறகுதான் கணினியைத் தொடுகிறேன்.