தரையைக் கழற்றிய பிறகு

யாழ்ப்பாணத்தில் வயதானவர்கள் இன்றும் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். என் அம்மம்மாவும் அப்படித்தான். கொக்குவில் ஸ்டேஷனிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. 1990 ஜூன் 13க்குப் பிறகு கோச்சி வரவில்லை. அப்போது எனக்கு ஏழு வயது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. பாதை இருந்த மேட்டில் ஆடுகள் மேய்ந்தன, நாங்கள் சைக்கிள் பழகினோம். ஒரு ரயில் பெட்டியை நான் கையால் தொட்டது இருபத்திரண்டு வயதில், தெற்கே ஒரு பட்டறைக்குப் பயிலுநராகப் போன அன்றுதான்.

அன்றைக்கு என் முன்னால் நின்றது ருமேனியாவில் செய்த பழைய பெட்டி ஒன்று. பல வருடங்களாக ஒதுக்கிப் போட்டிருந்து, திரும்ப ஓட்டத்துக்கு எடுக்க வந்திருந்தது. யன்னல் ஷட்டர்களில் பாதி இல்லை. கூரையில் ஒரு அரச மரக் கன்று. எங்கள் பாஸ் ஒரு சிங்கள மனிதர், ஓய்வுபெற நாலு வருடம் இருந்தது. அவர் அந்தக் கன்றைப் பார்க்கவே இல்லை. நேரே கழிவறைக் கதவடிக்குப் போனார், குனிந்தார், கையிலிருந்த கூர்ச்சுத்தியலால் தரையில் ஒரு குத்துக் குத்தினார். முனை உள்ளே போய்விட்டது. "மல்லி, இங்கேதான் தொடங்க வேணும்" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அந்தக் குத்தைத்தான் நான் இருபது வருடமாகக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

பெட்டி திருத்துவது என்றால் பெயின்ற் அடித்து சீற் மாற்றுவது என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். அது கடைசி இரண்டு கிழமை வேலை. அதற்கு முதல் பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் சில்லுகளையும் அச்சுகளையும் தாங்கும் பொகி இரண்டையும் உருட்டி வெளியே எடுக்க வேண்டும். சில்லுகள் கடைசலுக்குப் போகும். ஒரே அச்சில் உள்ள இரண்டு சில்லும் ஒரே விட்டத்துக்கு வர வேண்டும், விளிம்பு தேய்ந்திருந்தால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியலை விட்டுப் பார்ப்பார்கள். ஸ்பிரிங், புஷ், பின் எல்லாம் கழற்றி அளப்பார்கள். இதற்கெல்லாம் அளவு உண்டு, அட்டவணை உண்டு. அளவு தப்பினால் கருவி காட்டிவிடும்.

துருவுக்கு அப்படி இல்லை. அது ஒளிந்திருக்கும். தண்ணீர் எங்கே தேங்குமோ அங்கே இருக்கும்: கழிவறையைச் சுற்றி, ஏறும் கதவடியில், யன்னலுக்குக் கீழே சுவருக்குள் நிற்கும் தூண்களின் அடியில். யன்னல் இடுக்கால் இறங்கும் மழைத்தண்ணீர் வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே போய், பெட்டியின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற அடி உத்தரத்தின் மேல் தங்கும். பெட்டியின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த உத்தரமும் தரைச் சட்டங்களும்தான். வெளியே தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே தூணின் கால் பிஸ்கட் மாதிரி உதிரும். பலகையைக் கழற்றாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பலகையைக் கழற்றும்போது கச்சான் கோதும் கொண்டை ஊசியும் துளை போட்ட அட்டை டிக்கெட்டும் விழும். எழுத்து அழிந்த டிக்கெட்டுகளைக்கூட நான் உடனே எறிந்துவிடுவதில்லை, எந்த ஸ்டேஷன் என்று ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

ஒரு முறை நாங்கள் தரையைக் கழற்றவில்லை. பண்டிகைக் காலக் கூட்டத்துக்குப் பெட்டி வேண்டும் என்று மேலிருந்து அவசரப்படுத்தினார்கள். பாஸ் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார். நான்தான் தரை வேலைக்குப் பொறுப்பு. இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தேன், சத்தம் நன்றாக இருந்தது. மேலே புது வினைல் விரித்து, பெயின்ற் அடித்து அனுப்பிவிட்டோம். படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது. பத்து மாதத்தில் அந்தப் பெட்டி திரும்பி வந்தது. கதவடியில் வினைல் பள்ளமாகத் தொங்கியது. அதைக் கத்தியால் வெட்டித் தூக்கினேன், கீழே சரளைக்கல் தெரிந்தது. ஓடுகிற ரயிலில் சாமானோடு ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிற இடம் அது. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் எந்த அவசரம் வந்தாலும் தரையைக் கழற்றாமல் நான் கையெழுத்து வைத்ததில்லை. அதற்காக எனக்குப் பேச்சு விழுந்திருக்கிறது, பதவி உயர்வும் பிந்தியிருக்கிறது. பரவாயில்லை.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் பழையதைத் திருத்த வேண்டும், புதிதாக வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீற்றர், அதாவது ஐந்தடி ஆறங்குலம். உலகத்தில் உள்ள ரயில் பாதைகளில் பாதிக்கு மேல் 1435. இந்தியா மாதிரி சில நாடுகளில்தான் எங்கள் அளவு இருக்கிறது. ஆகவே எங்கோ மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டி வாங்கி இறக்க முடியாது. வாங்கவும் டொலர் வேண்டும். 2022இல் அது இல்லாதபோது என்ன நடந்தது என்று நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பட்டறையில் எங்களுக்கு வெல்டிங் குச்சிகூடக் கணக்குப் பார்த்துத்தான் கிடைத்தது. ஒரு பெட்டியின் எலும்புக்கூடு சரியாக இருந்தால், மற்ற எல்லாவற்றையும் இங்கேயே எங்கள் கையால் செய்துவிடலாம். கனடா 1954இலிருந்து தந்த எஞ்சின்கள், ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அந்த நாட்டு மாகாணப் பெயர்களோடு, எத்தனை தசாப்தம் ஓடின! பழையது என்பதற்காக ஒன்றைக் கைவிடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சிக்கல் உதிரிப்பாகங்களில்தான். பழைய பெட்டிகளில் இருப்பது வெற்றிடப் பிரேக். ரயில் நீளத்துக்கும் ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வைத்திருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். குழாய்க்குள் காற்றை விட்டால் வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்து பெட்டி பிரிந்தாலும் தானாகப் பிடிக்கும், அதுதான் அதன் நன்மை. பிஸ்டனைச் சுற்றி ஒரு றப்பர் வளையம் உருளும். பெட்டி சும்மா கிடந்தால் அந்த வளையம் காய்ந்து வெடித்துவிடும். உலகம் காற்றழுத்தப் பிரேக்குக்கு மாறிவிட்டதால் இந்தச் சாமான்களைச் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு நல்ல வளையம் கிடைத்தால் அதை நாங்கள் துணியில் சுற்றி வைப்போம்.

சரி, கோச்சிக்கு வருகிறேன். 2014 அக்டோபர் 13இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் வரை திரும்பி வந்தது. 1956 ஏப்ரலில் தொடங்கிய ரயில், இருபத்துநான்கு வருடம் இந்தப் பக்கம் வராமல் இருந்தது. கொக்குவிலுக்கு அன்றும் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொக்குவில் வழியாகப் போகும் காங்கேசன்துறைப் பாதை திறந்தது 2015 ஜனவரி 2இல். நான் லீவு போட்டு வந்து, அம்மம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் ஒழுங்கை முடிவில் வைத்தேன். ரயில் போன பிறகும் அவ கன நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ செய்த பெட்டி எது, தம்பி?" என்று கேட்டா. அதில் என் பெட்டி எதுவும் இல்லை. இல்லை என்று சொன்னேன். "அடுத்தமுறை வரும்" என்றா.

அடுத்தமுறை வர அவ இருக்கவில்லை. போன மாரியில்தான், நான் தரையிலிருந்து கூரைவரை கூட நின்று செய்த பெட்டி ஒன்று வடக்கு ரயிலில் சேர்ந்தது. அதற்கு யன்னல் ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் அடித்து, உள்ளே டோர்ச்சோடு மண்டியிட்டிருந்து பார்த்தோம். கசிந்த மூன்று யன்னல்களைத் திரும்பக் கழற்றினோம். ஆனையிறவில் கடல்நீரேரிக்கு நடுவே போகும் பாதை, காங்கேசன்துறையில் நேரே கடல். உப்புக்காற்றுக்கு இரும்பைப் பிடிக்கும். அதனால் அடி உத்தரத்தில் துருத்தடுப்புப் பூச்சை ஒரு தடவை கூடவே அடித்தோம், தண்ணீர் வடிகிற துளைகளையும் பெரிதாக்கினோம்.

அந்தப் பெட்டியிலேயே ஏறி ஊருக்கு வந்தேன். ஆனையிறவு தாண்ட மழை பிடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் இருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இரண்டு விரலால் ஷட்டரை இழுத்தார், இறங்கியது. அவர் திரும்பவும் தன் பேத்தியோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். நான் எழும்பி கழிவறைக் கதவடிக்குப் போய், குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. யன்னல்களுக்குக் கீழேயும் தடவிக்கொண்டே வந்தேன். பதினொன்றாவது யன்னலடியில் விரல் நுனி ஈரமானது. கொப்பியை எடுத்துப் பெட்டி இலக்கத்தையும் யன்னல் இலக்கத்தையும் எழுதிக்கொண்டேன். கொக்குவிலில் இறங்கும்போதும் மழை விடவில்லை.