கருப்பிக்குச் சிப் வைத்த கதை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் குட்டியாக வந்து ஒண்டியவள் கருப்பி. வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில் வேலை. நானும் கிளம்ப வேண்டும் என்றானதும், "நாயை இங்கன விட்டுட்டுப் போ, நான் சோறு போடுதேன்" என்றாள் அம்மா. எனக்கு மனசு வரவில்லை.

வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை கையில் இருந்தது. அந்தத் தெம்பில் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். அட்டையைப் புரட்டிய டாக்டர், "சிப் எப்போ வச்சீங்க?" என்றார். வைக்கவே இல்லை. அரிசி மணி அளவுதான், கழுத்துக்குக் கீழே தோலுக்கடியில் வைப்பது, அதில் 15 இலக்க எண். சிப் வைத்த பிறகு போட்ட ஊசிதான் ஐரோப்பாவில் செல்லும். முன்னால் போட்டது இந்த நாய்க்குத்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? நியாயம்தான். ஆனால் அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

சிப், மறுபடி ஊசி, 30 நாள் கழித்து ரத்தம். ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்ட ஆய்வகத்தில், எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 சர்வதேச அலகாவது இருப்பதாக வர வேண்டும். வந்தது. பெட்டி கட்ட உட்கார்ந்தால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் பொறுக்க வேண்டுமாம். வெறிநோய்க் கிருமி மாதக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டுத் தலைகாட்டுமே, அதனால். டிக்கெட்டை இரண்டாம் முறை மாற்றினேன்.

"நம்மூரு நாய்னா அவ்வளவு இளக்காரமா?" என்று பொரிந்தார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய மாடுகள் வழியில் ஆன்ட்வெர்ப்பில் இறங்கி, பெல்ஜியத்தில் வெக்கை நோய் என்ற மாட்டுக் கொள்ளைநோய் பரவியதைச் சொன்னேன். அந்த அடியில்தான் 28 நாடுகள் சேர்ந்து 1924-ல் பாரிஸில் விலங்கு நலத்துக்கென்று உலக அமைப்பே தொடங்கின. வெக்கை நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது. அண்ணாச்சி யோசித்துவிட்டு, "அப்போ மாடு செஞ்ச வேலைக்கு நாய் தண்டம் கட்டுதா?" என்றார்.

கடைசிக் கட்டம் சென்னை. மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் நாயை நேரில் காட்டி உடல்நலச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஜெர்மனியில் போய் இறங்குவதற்கு முந்தைய 10 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைக்க வழியில்லை. 600 கிலோமீட்டருக்கு மேல், ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் போனோம். கூண்டை மட்டும் ஒரு மாதம் முன்பே வாங்கி அதிலேயே தூங்கப் பழக்கியிருந்தேன். நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பிராங்பர்ட்டில் சுங்க அதிகாரி கழுத்தருகே கருவியைக் காட்டினார். ஒரு 'பீப்'. எண்ணைச் சரிபார்த்தார். அப்புறம் கூண்டுக்குள் விரித்திருந்த அம்மாவின் பழைய சேலையைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.